ஏழாம் நம்பர் வீட்டின் ஐந்தாவது மூலை

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூலை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, தேவிகுளத்துக்குக் கிழக்கே மேல்டிவிஷன் தேயிலை எஸ்டேட்டின் ஐந்தாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு ஐந்தாவதாக ஒரு மூலை வந்தது. அன்று தக்காளி கிலோ நூற்றிருபது ரூபாய். மழை காலையிலிருந்து விடவில்லை. கரண்ட் இரண்டு முறை போய் ஒரு முறை வந்தது. லயத்து ஆட்கள் தக்காளியையும் மழையையும் கரண்டையும் பேசி முடித்த பிறகுதான் மூலைக்கு வந்தார்கள். தக்காளி எல்லோர் வீட்டுக்கும் வேண்டும். மூலை ஆனந்தி வீட்டுக்கு மட்டும்தான் வந்திருந்தது.

வீடு என்று சொல்வது மரியாதைக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. வெள்ளைக்காரன் தன் குதிரைகளுக்குக் கட்டிய லாயம் இதைவிட ஓரடி அகலம் என்று ஆனந்தியின் மாமனார் பெரியமுத்து சொல்வார். சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் எஸ்டேட் ஃபாக்டரியில் நாற்பது வருடமாக அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். வீடு அவர் பெயரில் இருந்தது. முதல் மூலையில் கேஸ் அடுப்பும் பாத்திரங்களும். இரண்டாவது மூலையில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம். மூன்றாவதில் பெரியமுத்துவின் கட்டில். நாலாவதில் பீரோ, பீரோ மேல் டிவி, டிவி மேல் பேச்சியம்மன் படம். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் ஆனந்தியும், அவள் புருஷன் முனீஸ்வரனும், மகள் முத்துப்பேச்சியும் படுத்தார்கள். முனீஸ்வரன் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டுக்கு வரமாட்டான். அவன் வராத நாட்களில் தாயும் மகளும் காலை நீட்டிப் படுப்பார்கள். அவனும் அது தெரிந்துதான் வராமல் இருந்தான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

மூலை ஏன் வந்தது என்றால், கேட்டார்கள், அதனால் வந்தது. அந்த வருடம் கொச்சியிலிருந்து ஒரு டிரஸ்ட் கிளம்பி மலைமேல் வந்தது. சின்னப் பிள்ளைகள் வீட்டிலேயே விளையாடி விளையாடிப் படிக்க வேண்டும், அதைத் தாய் தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதை டிரஸ்ட் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்பது திட்டம். ஆனந்திக்கு இது விளங்க ஒரு வாரம் பிடித்தது. பிள்ளைக்கு விளையாடச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதை, ஆட்டுக்குத் தழை தின்னச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்கிற மாதிரி அவள் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் கூட்டத்துக்குப் போனாள். வாரத்தில் ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில், துவைக்கிற துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தொழிலாளர் கிளப்பின் சிமென்ட் தரையில் அறுபது பெண்கள் உட்கார்ந்தார்கள். தொடுபுழையிலிருந்து வந்த ஜிஸ்மி என்ற பெண் பேசினாள். நல்ல பெண்தான், இருபத்து நாலு வயது, வாய் வலிக்கச் சிரித்தாள்.

“சேச்சிமாரே, குழந்தைக்கு வேணும்னது காசு இல்ல, டைம் ஆணு. சாயங்காலம் ஓஃபீஸ் விட்டு வந்தா, ஒரே ஒரு மணிக்கூர். அது மதி, அது போதும்.”

எட்டாம் நம்பர் வீட்டு ராமலட்சுமி கையைத் தூக்கினாள். “எந்த ஆபீஸு தாயி? மேக்காட்டு ஆபீஸா, பள்ளத்துக்காட்டு ஆபீஸா? ரெண்டுலயும் மழைக்கு ஒதுங்கக் கூரை கிடையாதே.”

அறுபது பெண்களும் சிரித்தார்கள். ஜிஸ்மியும் சேர்ந்து சிரித்தாள், என்ன என்று தெரியாமல். பிறகு ஆளுக்கொரு சார்ட் கொடுத்தாள். முப்பது விளையாட்டு, முப்பதுக்கும் படம். வழவழப்பான தாள், மழையில் நனையாது. அதைக் கடைசியில் விறகுக்கட்டை மூடப் பயன்படுத்தினார்கள், வேலை செய்தது. படத்தில் ஒரு தகப்பன் சோபாவில் உட்கார்ந்து மகனோடு மரக்கட்டை அடுக்குகிறான். சோபாவுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தேயிலைக் காடு. அந்தக் காட்டில் ஒரு ஆள் இல்லை. கொழுந்து தானாகப் பறிந்து, தானாகச் சாக்கில் ஏறி, தானாக லாரிக்குப் போகிறது போல. வேண்டிய சாமான்கள் என்று கீழே போட்டிருந்தது: முட்டை அடுக்கும் காகிதத் தட்டு, ஷூ வாங்கிய அட்டைப்பெட்டி, நாலு நிறத்தில் களிமண். முட்டையை ஒன்று, இரண்டு என்று தாளில் சுற்றி வாங்குகிற லயத்தில், தட்டு இருக்கும் வீடு ஒன்றுகூட இல்லை.

“அட்டைக்கு மட்டும் நம்மகிட்ட பஞ்சமில்ல,” என்றாள் ராமலட்சுமி, பாதத்திலிருந்து ஒன்றைச் சுண்டிவிட்டபடி. “காலுக்கு ஆறு வச்சிருக்கோம்.”

ஆனந்தி தன் மகளை விளையாடாமல் வைத்திருந்தவள் அல்ல. அவளுடைய விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரே நிபந்தனை: தாய் எழுந்திருக்கக் கூடாது. காலை ஏழரைக்குக் காட்டுக்குப் போய், ஐந்து மணிக்கு முதுகில் கொழுந்துச் சாக்கோடு இறங்கி வருகிறவளுக்கு, எழுந்திருக்காமல் ஆடுகிற ஆட்டம்தான் ஆட்டம். நான் நோயாளி, நீ டாக்டர், நோயாளி பேசக்கூடாது. நான் செத்த பொணம், நீ ஒப்பாரி வை. இவற்றைவிட இருவருக்கும் பிடித்தது மலை விளையாட்டு. ஆனந்தி குப்புறப் படுத்துக்கொள்வாள், அவள் முதுகுதான் மலை. பேச்சி அதன்மேல் ஏறி, இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளிக் கிள்ளிக் கொழுந்தெடுப்பாள். இடுப்புக்கு மேலே, முதுகெலும்பு ஓரத்தில், எங்கே வலியோ அங்கே கொழுந்து நிறைய இருக்கும் என்று மலையே சொல்லிவிடும். அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு ஆட்டமும் ஆயிற்று, தாய்க்கு முதுகுவலியும் விட்டது. எண்ணிக்கையையும் ஆனந்தி செருப்பை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். வாசலில் கிடந்த செருப்பு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது, மாமனாரின் ஒற்றை பூட்ஸ், அதன் ஜோடியை நாய் கொண்டுபோயிருந்தது. ஐந்து என்று சொன்னதும் ஒரு துண்டு வெல்லம். ஆகவே பேச்சி எதை எண்ணினாலும் ஐந்து வரைக்கும் எண்ணுவாள். நாலில் நிறுத்தினால் வெல்லம் இல்லை.

அந்த வியாழக்கிழமை மழையில் ஜிஸ்மி வீட்டுக்கு வந்தாள். மழை பலத்து ஆளுக்கு ஆள் தெரியாமல் போனதால் காட்டு வேலையை மதியமே நிறுத்தியிருந்தார்கள், ஆனந்தி வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கென்று ஒரு விளையாட்டு மூலை ஒதுக்க வேண்டும், அதை போட்டோ பிடித்து ஆப்பில் ஏற்ற வேண்டும்; ஏற்றாவிட்டால் ஜிஸ்மிக்கு மேலே இருக்கிறவர் ஜிஸ்மியை ஏசுவார். ஆனந்தி நாலு மூலையையும் கைகாட்டினாள்.

“அடுப்பை எடுக்கவா, தண்ணிய எடுக்கவா, எங்க மாமாவ எடுக்கவா, சாமிய எடுக்கவா? நீங்களே சொல்லுங்க.”

“எங்கயாவது ஒரு மூலை காணும் சேச்சி. நல்லா நோக்கணும்,” என்றாள் ஜிஸ்மி. அவளுக்கு இன்னும் பதினோரு வீடு இருந்தது.

பேச்சிக்கு அப்போது நாலு வயது. நோக்கச் சொன்னால் நோக்குவாள். சுவரில் வலது கையை வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து நடந்தாள். அடுப்பு, ஒண்ணு. பீரோவுக்குப் பின்னால் கையை நுழைத்து, ரெண்டு. தாத்தா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, மூணு. டிரம்முக்குப் பின்னால், நாலு. நாலோடு நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. கையை எடுக்காமல் சுவரோடு திரும்பி வந்து, டிரம்முக்கும் கட்டிலுக்கும் நடுவே, அதுவரைக்கும் நேராக இருந்த சுவரில் கையை வைத்து, அஞ்சு என்றாள். சுவர் அந்த இடத்தில் மடங்கி உள்ளே போயிற்று. ஆனந்தி குனிந்து பார்த்தாள். ஒரு சுளகு கொள்ளும் அளவுக்கு ஒரு மூலை, ஈரமில்லாமல், சுண்ணாம்பு அடித்த வாசத்தோடு இருந்தது. அவள் மகளுக்கு வெல்லம் எடுத்துக் கொடுத்தாள். ஜிஸ்மி போட்டோ பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் ராமலட்சுமியின் வீடு. அவள் வந்து பார்த்தாள், போய்த் தன் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள், குடை மாட்டிய ஆணி குடையோடு அதே இடத்தில் இருந்தது. முழம் போட்டு அளந்தும் பார்த்தாள். “என் வீட்டுலருந்து ஒரு விரக்கடை எடுத்திருந்தா நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். எடுக்கல. அப்ப உன் பாடு,” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

மூலை வளர்ந்தது. மாதம் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம்; பேச்சி அதிகம் விளையாடிய மாதம் கொஞ்சம் கூட, காய்ச்சலில் படுத்த மாதம் ஒன்றுமில்லை. அதற்கு ஒரு குணம் இருந்தது. ஆனந்தி முதலில் அதை நல்ல இடம் என்று எண்ணி வெங்காயச் சாக்கைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துத் திரும்புவதற்குள் சாக்கு உருண்டு வெளியே வந்து காலில் முட்டியது. மூன்று முறை வைத்தாள், மூன்று முறையும் வந்தது. நாலாவது முறை பேச்சி கடை வைத்தாள். “என்ன வேணும் அக்கா, வெங்காயம் இருக்கு, அழுகல் இல்ல,” என்று கூவினாள். ஆனந்தி சரக்கு இறக்க வந்தவளாகி, சாக்கை இறக்கி, “கடைக்காரி, வாடகை லாரிய ரொம்ப நேரம் நிறுத்த முடியாது” என்று முறைத்தாள். சாக்கு அங்கேயே நின்றது, முளைவிடும் வரை நின்றது. வேலையாகப் போனால் சுவர், விளையாட்டாகப் போனால் மூலை. இதைத் தெரிந்துகொண்ட அன்று ஆனந்தி இப்படி எண்ணினாள்: இந்த எஸ்டேட்டில் வேலை என்று சொன்னால் உள்ளே விடாத இடம் ஒன்றாவது இருக்கிறது.

போட்டோவைப் பார்த்த டிரஸ்ட் ஆட்கள் செப்டம்பரில் மூன்று காரில் வந்தார்கள். ஒரு காருக்கு வழியில் வாந்தி. அவர்களுடைய ஆப்பில் மூலை எண் என்ற இடத்தில் ஒன்றிலிருந்து நாலு வரைதான் இருந்ததாம், ஐந்து என்று போட்டால் தவறு என்று சிவப்பில் காட்டியதாம், அதனால் ஜிஸ்மி இரண்டு என்று போட்டிருந்தாள். எல்லோரும் டிரம்மைப் பார்த்து நின்றார்கள். பிறகு ஆனந்தி மூலையைக் காட்டினாள். அவர்கள் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், உள்ளே எழுத்துப் போட்ட பிளாஸ்டிக் பாய் விரித்தார்கள், பஞ்சு உருண்டைகளும் நிறக் கட்டைகளும் வைத்து, சுவரில் நேர அட்டவணை ஒட்டினார்கள்: ஆறிலிருந்து ஆறேகால் வரை கட்டை, ஆறேகாலிலிருந்து ஆறரை வரை பாவனை விளையாட்டு. “களிச்சோ மோளே, களிச்சோ, விளையாடு,” என்று ஏழு பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பேச்சி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், பிறகு தாயின் சேலைக்குள் போய்விட்டாள். பெரிய ஐயா ஒருவர், பிள்ளைக்கு நாம்தான் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு மூலைக்குள் கால் வைத்தார். மூக்கு சுவரில் இடித்தது. ரத்தம் அதிகம் வரவில்லை. ஆனந்தி மஞ்சள்தூள் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பிளாஸ்டிக் பாய், கட்டைகள், பஞ்சு உருண்டை, அட்டவணை எல்லாம் லயத்துக்குக் கீழே சாக்கடையில் கிடந்தன. தாயின் ஒத்துழைப்பு போதாது என்று அறிக்கை எழுதினார்கள். அந்த வருடம் சிறந்த விளையாட்டு மூலைக்கான பரிசு எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஜோபியின் குவார்ட்டர்ஸுக்குப் போனது. ஜோபியின் பிள்ளைகள் இருவரும் கோட்டயத்தில் காலேஜ் படிக்கிறார்கள். ஆனால் மூலை சுத்தமாக இருந்தது, அட்டவணை நேராக ஒட்டியிருந்தது. அடுத்த ஏப்ரலில் டிரஸ்ட் வேறு திட்டத்துக்குப் போய்விட்டது, கடலோரத்தில் ஏதோ ஆமை.

எஸ்டேட்டும் சும்மா இருக்கவில்லை. அனுமதியில்லாமல் வீட்டை நீட்டியதாக ஒரு நோட்டீஸ் வந்தது. ஜோபி டேப்பும் குடையுமாக வந்து உள்ளேயும் வெளியேயும் அளந்தார். எத்தனை முறை அளந்தாலும் பத்துக்குப் பன்னிரண்டு. “இல்லாத எடத்துக்கு நான் என்ன எழுத?” என்று அவரே சலித்துக்கொண்டு போனார். இரண்டு வருடம் ஓடியது. மூலை ஒரு கட்டில் போடும் அளவானது, பிறகு இரண்டு கட்டில் அளவு. பேச்சி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆனந்தியின் தற்காலிக வேலைக்கு எட்டாவது வருடம் பிறந்தது. நிரந்தரம் ஆக்குவோம் என்று ஒவ்வொரு ஓணத்துக்கும் சொல்வார்கள், ஒவ்வொரு பொங்கலுக்கும் மறப்பார்கள்.

பெரியமுத்துவுக்குப் பிறந்த நாள் தெரியாது. அவரைப் போலத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் பழைய கிளார்க் ஒருவர் ஜூன் ஒன்று என்று எழுதி வைத்திருந்தார். அதனால் மேல்டிவிஷனில் வருடா வருடம் ஒரே நாளில் ஒரு கூட்டம் கிழவராகும். இரண்டாயிரத்து இருபத்தைந்தில் அவர் முறை. மே முப்பத்தொன்றோடு வேலை முடிந்தது. ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். சுவர் இல்லாமல் போகப்போகிறவனுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கிற புத்தி ஆபீசுக்குத்தான் வரும். ஏனென்றால் சட்டம் அது: வேலை முடிந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் நிரந்தர வேலையில் இருந்தால் ஒழிய. முனீஸ்வரன் ஜீப்காரன். ஆனந்தி தற்காலிகம். பதினைந்து நாள் கெடு.

ஆனந்தி ஆபீசுக்குப் போனாள். “எட்டு வருஷமா எடுத்த கொழுந்து நிரந்தரமாத்தான சார் போச்சு? அதுல ஒரு இலையாவது திரும்பி வந்துச்சா?” என்று கேட்டாள். ஜோபி கெட்ட மனுஷர் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார், அதில் அவள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு உலகம். முனீஸ்வரன் மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லி எல்லாம் வாடகைக்கு வீடு தேடினான். நாய்க்கூண்டு அளவு அறையைக்கூட வெள்ளையடித்து, மலை தெரியும் என்று போர்டு எழுதி, டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம் பெரியமுத்துவின் அப்பன் பிறந்த ஊரில் அவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு குலதெய்வம் மட்டும். அதற்கே கூரை கிடையாது.

அந்த நாட்களில் ஆனந்தி ஒரு காலைப்பொழுது பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மூலைக்கு வேகமாகப் போனாள். நெற்றி சுவரில் மோதிப் புடைத்தது. பயத்தோடு போனாலும் அது சுவர்தான் என்று அப்போது தெரிந்தது. தவிர, மூலை சுருங்கவும் தொடங்கியிருந்தது. வீட்டில் யாரும் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, இரண்டு கட்டில் இடம் ஒரு கட்டிலாகக் குறைந்திருந்தது. வேறு போக்கிடம் இல்லை, இருக்கிற ஒன்றுக்குள் போக வேண்டுமானால் போக்கிடம் இல்லை என்பதை மறக்க வேண்டும். இதைவிடக் கேடுகெட்ட வேலையை எந்த எஸ்டேட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நடு வீட்டில் குப்புறப் படுத்தாள்.

“ஏட்டி பேச்சி. மலை வந்திருக்கு. கொழுந்து முத்திப்போச்சு, எடுக்க ஆளில்ல.”

பேச்சிக்கு ஆறு வயது, முன்னைவிடக் கனம். ஏறி உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினாள். “இந்த மலையில என்னக்கா ஒரே கல்லா கெடக்கு?” என்று குத்தினாள். கல் ஒவ்வொன்றாகக் கரைய ஒரு மணி நேரமானது. பிறகு மலை சிரித்தது. அன்று சாயங்காலம் பேச்சியும் தாயும் வீடு மாற்றுகிற விளையாட்டு ஆடினார்கள். பேச்சி லாரி, ஆனந்தி சுமைகூலி. அடுப்பு போனது, பாத்திரம் போனது, டிவி போனது, பேச்சியம்மன் படம் யாரும் சொல்லாமலே முதல் ட்ரிப்பிலேயே போயிருந்தது. பெரிய டிரம்மை ஆனந்தி யானை என்று சொல்லி உருட்டிப் போனாள். முனீஸ்வரன் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு, ஸ்டியரிங் பிடித்து, கியர் மாற்றி, ஒரே மூச்சில் உள்ளே போய் பிரேக் போட்டான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்பிளைகள் விளையாட்டை விட்டால்தானே திரும்பப் பழக. ஒரு வாரத்தில் வீடு முழுவதும் உள்ளே போய்விட்டது, மூலையும் பழைய அளவுக்கு வந்து, அதற்கு மேலும் ஓரடி போனது.

போகாதது பெரியமுத்து மட்டும்தான். கட்டிலை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாமா, ஒரு நிமிஷ சோலி.”

“அறுவது வயசுல என்னைச் சொப்பு வச்சு விளையாடச் சொல்லுதியா? நாப்பது வருஷம் அடுப்புக்குள்ள வெந்தவன் நான். விளையாட எனக்கு எவன் நேரம் குடுத்தான்? மூணு வயசுல விறகு பொறுக்கப் போனேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் உள்ளே போகாவிட்டால், அவரை வாசலில் விட்டுவிட்டு மற்ற மூவரும் உள்ளே இருக்க முடியாது. ஆனந்தி கடைசி நாள் ராத்திரி அடுப்பை மறுபடி வெளியே கொண்டுவந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

ஜூன் பதினாறாம் தேதி பத்து மணிக்கு ஜோபி வந்தார். நல்ல மழை. வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, குடையை விரித்தபடி நின்று பட்டியலைப் படித்தார். வெள்ளைக்காரன் காலத்துப் படிவம், ஒரு வரி மாறவில்லை. கதவு ஒன்று. ஜன்னல் ஒன்று. கொக்கி இரண்டு. சுவர் நான்கு. மூலை நான்கு, காலி. ஆனந்தி ஒவ்வொன்றுக்கும், ஆமா சார் இருக்கு, ஆமா சார் காலி என்றாள். ஜோபி கழுத்தை நீட்டிப் பார்த்து டிக் போட்டார். நாலு மூலையும் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. கட்டிலையும் அன்று காலையில் முனீஸ்வரன் ஆம்புலன்ஸ் என்று சொல்லி ஓட்டிப் போயிருந்தான். பெரியமுத்து தலைகீழாகக் கவிழ்த்த பக்கெட் மேல், சாவியைக் கையில் வைத்து, நடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“பெரியமுத்தண்ணே, சாவி தா. வெளியே நிக்கணும். எனக்கு வேற ஆறு வீடு உண்டு.”

பெரியமுத்து அசையவில்லை. பயந்தால் மூலை போய்விடும் என்று ஆனந்தி பல்லைக் கடித்தாள், பல்லைக் கடித்தாலும் போகும் என்று விட்டாள். அப்போது மூலைக்குள்ளிருந்து பேச்சி தலையை நீட்டினாள்.

“தாத்தா, நீ தொரை. இதுதான் ஒன் பங்களா. ஏன் வெளிய ஒக்காந்திருக்க?”

பெரியமுத்து தன் காலத்தில் ஐந்து மேனேஜர்களைப் பார்த்தவர். ஐந்து பேரும் நடந்ததையும், செருமியதையும், துப்பியதையும் அடுப்பு வாசலிலிருந்து ஒன்று விடாமல் பார்த்தவர். பேத்தி சொன்னதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறியது. பக்கெட்டைக் காலால் எத்திவிட்டு எழுந்தார். கையைப் பின்னால் கட்டினார். இல்லாத தொந்தி முன்னால் வந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பி, மூக்கால் பேசினார்.

“யேய்! ஹூ இஸ் தட் மேன்? என் பங்களா முன்னாடி நின்னு எவன்டா குடை பிடிக்கிறது?”

தொரைக்கு முன்னால் குடை விரித்து நிற்கக் கூடாது என்பது அந்த மலையின் சட்டம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு அறுபது வருடம் ஆகிறது. ஆனால் ஜோபியின் அப்பன் கிளார்க், பாட்டனும் கிளார்க். ஜோபியின் மூளை யோசிப்பதற்குள் அவர் கை குடையை மடக்கிவிட்டது. “சாரி சார்,” என்றும் சொல்லிவிட்டார். மழை அவர் வழுக்கை மேலும் பட்டியல் மேலும் விழுந்தது.

“செருப்பு!” என்றார் தொரை. ஜோபி செருப்பைக் கழற்றினார்.

பெரியமுத்து சாவியை, நாய்க்கு ரொட்டி போடுவது போலத் தரையில் போட்டார். பிறகு திரும்பி, பின்னால் கட்டிய கையோடு, டிரம் இருந்த இடத்துக்கும் கட்டில் இருந்த இடத்துக்கும் நடுவே, நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். ஆனந்தி ஆயாவாகி, முக்காடு போட்டுக்கொண்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். ஜோபி செருப்பைப் போட்டு, சாவியைப் பொறுக்கி, மை கரைந்த பட்டியலில் “நான்கு மூலையும் காலி, ஒப்படைக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திட்டார். அது உண்மைதான்.

ஐந்தாவது மூலையில் ஆள் இருப்பது குறித்து அவர் பிறகு ஹெட் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார், உள்ளே ஆள் இருக்கிறபோது கதவைப் பூட்டவும் இல்லை. ஐந்தாவது மூலை ரிஜிஸ்டரில் இல்லை, இல்லாத இடத்தில் யாரும் குடியிருக்க முடியாது, எனவே நடவடிக்கைக்கு இடமில்லை என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்கு முன்பே ஆகஸ்டில் ஏழாம் நம்பர் வீட்டை ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் சுவரிலிருந்து நாலு பேர் வெளியே வந்து, கும்பிடு போட்டு, வாசல் வழியாகப் போனபோது அவர்கள் பதிலுக்குக் கும்பிட்டுக் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். இதற்கு முன் இருந்த இடத்தில் ஒரே அறையில் பதினாலு பேர் படுத்தவர்கள். அவர்களுடைய மூன்று வயது மகளும் பேச்சியும் ஒரு வார்த்தை புரியாமல் நாள் முழுவதும் கடை வைக்கிறார்கள், கல்யாணம் நடத்துகிறார்கள். மூலை மறுபடி நீள்கிறது. ஆனந்தி காலை ஏழரைக்கு வேலைக்குப் போகிறாள், இன்னும் தற்காலிகம்தான். ஐந்து மணிக்கு வந்து, சாக்கோடு கொஞ்ச நேரம் சுவருக்கு முன்னால் நின்று, அன்றைய அலுப்பை இறக்கி வைத்துவிட்டு, யானையாகவோ லாரியாகவோ உள்ளே போகிறாள். மலையாக இருப்பது ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு. பெரியமுத்து தினமும் கடைத்தெருவுக்குப் போய்வருகிறார், தினமும் தொரையாகத்தான் திரும்பி வருகிறார். இந்தப் பங்களாவுக்குத் தோட்டக்காரன் ஒருத்தன் வேண்டும், இருக்கிற ஆட்கள் சரியில்லை என்று குறை சொல்கிறார். சுவர்க்கடிகாரத்தை உள்ளே மாட்டியிருக்கிறார்கள். அது ஓடுவதில்லை, பேட்டரி போடவில்லை.

ரேஷன் கார்டைப் புதுப்பித்தபோது விலாசம் ஐந்தாம் லயம், ஏழாம் நம்பர் வீடு, ஐந்தாவது மூலை என்று வந்தது. ராமலட்சுமிதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கடைக்காரர் கார்டை வாங்கி விலாசத்தைப் படித்தார், அரிசியை நிறுத்துப் போட்டார், இந்த மாசம் மண்ணெண்ணெய் வரல என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.